1930-களின் பொருளாதாரப் பெருமந்த காலத்துக் குத்துச்சண்டை வீரனின் கதையைத் திரைக்கதையாக்குவது எப்படி?

வீழ்ந்து, பசித்து, மீண்டும் எழுந்து வெல்லும் குத்துச்சண்டை வீரனின் கதையை எழுத நினைப்பவர்கள் பெரும்பாலும் இறுதிச் சண்டையைத்தான் முதலில் எழுதுகிறார்கள். நீங்கள் வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். பால்காரருக்கு எவ்வளவு பாக்கி, வாடகை எத்தனை மாதமாக நிற்கிறது, இந்த வாரம் எந்தச் செலவை நிறுத்த வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், பின்னால் வரும் ஒவ்வொரு குத்துக்கும் ஒரு பொருள் கிடைத்துவிடும். இதை விளக்குவதற்கு அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜேம்ஸ் பிராடக்கின் வாழ்க்கையைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் திரைப்படத்தில், ‘எதற்காகச் சண்டையிடுகிறீர்கள்?’ என்ற கேள்விக்குப் பாலுக்காக என்று பதில் சொல்பவர் அவர்.

முதல் வேலையாக, வீரனின் வாழ்க்கையையும் நாட்டின் பொருளாதாரத்தையும் அருகருகே இரண்டு காலவரிசைகளாக எழுதிக்கொள்ளுங்கள். பிராடக் 1905-இல் நியூயார்க்கில் பிறந்து, நியூஜெர்சியில் வளர்ந்து, 1926-இல் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்தார். 1929 ஜூலையில் யாங்கி ஸ்டேடியத்தில் டாமி லோரனிடம் 15 சுற்றுகள் ஆடி, லைட் ஹெவிவெயிட் எடைப்பிரிவின் பட்டத்துக்கான வாய்ப்பை இழந்தார். அதற்கு மூன்று மாதங்களுக்குப் பிறகுதான் பங்குச்சந்தை சரிந்தது. இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். அவருடைய சரிவு நாட்டின் சரிவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அடிக்கடி முறிந்த வலது கையும் தொடர்ந்த தோல்விகளும் ஒரு காரணம், மறுபுறம் பிழைக்க வேறு வழியில்லாமல் போன காலம் இன்னொரு காரணம். எல்லாப் பழியையும் காலத்தின்மேல் போட்டால் நாயகன் வெறும் பரிதாபத்துக்குரியவனாகிவிடுவான். காலத்தை மறந்துவிட்டாலோ, உழைத்தால் எவரும் முன்னேறலாம் என்ற பொய்யான பாடமாகக் கதை சுருங்கிவிடும்.

வறுமையைக் காட்ட, கிழிந்த சட்டையும் இருண்ட அறையும் போதாது. வறுமை அன்றாடம் எப்படி நடக்கிறது என்பதை எழுதுங்கள். 1933-இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. துறைமுக வாயிலில் காலையில் ஆட்கள் கூடி நிற்பார்கள்; மேற்பார்வையாளர் தமக்கு வேண்டியவர்களைப் பொறுக்கி எடுப்பார்; மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். இந்த ஒரு காட்சியை வசனமே இல்லாமல் எழுத முடிந்தால், பொருளாதாரப் பெருமந்தம் என்ற சொல்லை உங்கள் திரைக்கதையில் யாரும் உச்சரிக்க வேண்டியிருக்காது.

அதே துறைமுகத்தில்தான் இந்தக் கதையின் மிக அருமையான திருப்பமும் ஒளிந்திருக்கிறது. 1933 செப்டம்பரில் ஏப் ஃபெல்ட்மனுடன் மோதியபோது பிராடக்கின் கை மீண்டும் முறிந்தது. அவர் களத்தை விட்டு விலகினார். துறைமுகத்தில் சுமை இழுக்கும் வேலையில், வலது கையைக் காப்பாற்றுவதற்காக இடது கையையே அதிகம் பயன்படுத்த வேண்டியிருந்தது. அதுவரை அவருக்கு அவ்வளவாக உதவாத இடது கை, பின்னர் அவருடைய முதன்மை ஆயுதமானது. இதை எந்தப் பாத்திரத்தின் வாயாலும் விளக்கவிடாதீர்கள். சுமையின் கொக்கியைப் பிடித்திருக்கும் இடது கையை முதலில் காட்டி, பல காட்சிகள் கழித்து அதே கையின் குத்தைக் காட்டினால், பார்வையாளர் தாமே புரிந்துகொள்வார்.

பிராடக் அரசு நிவாரணத் தொகையை வாங்கியவர். சண்டைகளில் வருமானம் வந்ததும் அதைத் திருப்பிச் செலுத்தினார். இரண்டையும் சிறிய காட்சிகளாகவே, அதே அலுவலகத்தில், அதே மேசையின் முன் எழுதுங்கள். இசையும் கண்ணீரும் அங்கே தேவையில்லை. மனைவி மே, காத்திருந்து அழுவதற்கான பாத்திரமல்ல. மூன்று குழந்தைகளுக்கு எதைக் கொடுப்பது, எதை மறுப்பது என்று முடிவெடுப்பவராக அவரை எழுதினால் வீட்டுக் காட்சிகளுக்கும் சண்டையின் இறுக்கம் வந்துவிடும்.

சண்டைக் காட்சிகளில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கேள்வி ஒன்று இருக்க வேண்டும். 1934 ஜூன் 14 அன்று, இரண்டே நாள் அவகாசத்தில், 250 டாலருக்காக கார்ன் கிரிஃபினுடன் மோதி, மூன்றாவது சுற்றில் பிராடக் அவரை வீழ்த்தினார். இந்த உடம்பு இன்னும் தாங்குமா என்பதே அங்கே கேள்வி. அடுத்து ஜான் ஹென்றி லூயிஸையும் ஆர்ட் லாஸ்கியையும் வென்ற சண்டைகளைச் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். 1935 ஜூன் 13 அன்று, அப்போதைய ஹெவிவெயிட் உலக சாம்பியன் மேக்ஸ் பேரை எதிர்கொண்ட சண்டைக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். பந்தயக் கணக்கு பத்துக்கு ஒன்று என்ற அளவில் பிராடக்குக்கு எதிராக இருந்தது. 15 சுற்றுகள் முடிந்து, நடுவர்கள் ஒருமனதாக அவருக்கே வெற்றியை அளித்தார்கள். அது ஒரே குத்தில் விழுந்த வெற்றியல்ல, சுற்றுக்குச் சுற்று சேர்த்த வெற்றி என்பதால், எல்லாக் குத்துகளையும் எழுதாமல், மூன்று நான்கு சுற்றுகளில் வீரன் எடுக்கும் முடிவுகளை மட்டும் எழுதுங்கள்.

எதிராளியை அரக்கனாக்காதீர்கள்; இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன். 1930-இல் மேக்ஸ் பேருடன் மோதிய ஃபிரான்கி கேம்ப்பெல் இறந்துபோனார். அந்த மரணம் மேக்ஸ் பேரை நீண்ட காலம் வாட்டியது. பிராடக்கின் வாழ்க்கை திரைப்படமானபோது, மேக்ஸ் பேரை ஈவிரக்கமற்றவராகக் காட்டியதற்குக் கண்டனம் எழுந்தது, அது நியாயமான கண்டனமே. உண்மையில் வாழ்ந்த ஒருவரைக் கதையின் வசதிக்காகக் கொடியவராக்க நமக்கு உரிமையில்லை. மேலும், கொன்றுவிடுவோமோ என்று தன் வலது கையைக் கண்டு தானே அஞ்சும் எதிராளியை எழுதினால், களத்தில் நிற்கும் இருவருக்காகவும் பார்வையாளர் பதறுவார்.

பட்டம் வென்ற இரவோடு கதையை நிறுத்துவது சரியே. ஆனால் திரை இருண்ட பிறகு வரும் எழுத்துகளில் மிச்சத்தை மறைக்காமல் சொல்லுங்கள்: 1937-இல் சிகாகோவில் ஜோ லூயிஸை முதல் சுற்றில் கீழே விழவைத்தும், எட்டாவது சுற்றில் அவரிடமே பிராடக் பட்டத்தை இழந்தார், இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் பணியாற்றினார், பின்னர் நியூயார்க்கின் வெரசானோ பாலம் கட்டப்பட்டபோது அந்தப் பணியிடத்தில் மீண்டும் தொழிலாளியாக நின்றார்.