தோட்டத்துக்கு மேலே கரண்ட் லைன் வருகிறதா? கையெழுத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

பாளையங்கோட்டைக் கோர்ட்டில் மின்பாதை வழக்குகள் நடத்துகிறேன். ராதாபுரம், பணகுடி, வள்ளியூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது இதைத்தான்: “அண்ணாச்சி, தோட்டத்துல டவர் போடப் போறாங்களாம். ஸ்டே வாங்கிரலாமா?”

பெரும்பாலும் முடியாது. 2003 மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் அரசு உத்தரவு இருந்தால், 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் அதிகாரம் லைன் போடுகிறவர்கள் கைக்கு வந்துவிடும். சம்மதம் கேட்காமலே டவர் நடலாம். மறித்தால் கலெக்டரிடம் உத்தரவு வாங்கி வருவார்கள். ஆகவே முதல் வேலை, அந்த 164 உத்தரவின் நகலை எழுத்தில் கேட்பது. அது இல்லையென்றால் கதையே வேறு. மின் உரிமதாரர்களின் பணிகளுக்கான 2006 விதிகளின்படி உங்கள் சம்மதம் வேண்டும், நீங்கள் மறுத்தால் கலெக்டரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். காற்றாலையிலிருந்து சப்-ஸ்டேஷனுக்கு இழுக்கிற சின்ன லைன் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

உத்தரவு இருக்கிறதா, அப்படியானால் ஸ்டேவுக்குச் செலவழிக்கிற பணத்தையும் நேரத்தையும் இழப்பீட்டுக்கு வையுங்கள். அந்த வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் மரம் விழுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

மரத்துக்கு மரம் பெயின்டில் நம்பர் போடுங்கள். நம்பர் தெரிகிற மாதிரி, தேதியும் இடமும் விழுகிற மாதிரி போனில் படம் எடுங்கள். தென்னையில் குலை தெரிய வேண்டும், முருங்கையில் காய் தெரிய வேண்டும். காய்க்கிற மரத்துக்கும் கன்றுக்கும் மதிப்பு ஒன்றல்ல. பனையை எண்ணும்போது வடலியை, அதாவது இளம் பனையை, விட்டுவிடாதீர்கள். அவர்கள் இடத்தைப் பார்த்து எழுதுகிற மகஜரில் அது சுலபமாகக் காணாமல் போகும். கிணறு, போர், பைப் லைன், வேலி எல்லாம் எழுத்தில் வரட்டும். மகஜரில் உங்கள் எண்ணிக்கையும் அவர்கள் எண்ணிக்கையும் ஒத்துவரவில்லை என்றால் சண்டை வேண்டாம். கையெழுத்துக்குப் பக்கத்தில் “ஆட்சேபணையுடன்” என்று எழுதி, நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். தொகை எழுதாத ஒப்புதல் கடிதத்தில் மட்டும், யார் வந்து கேட்டாலும், கையெழுத்துப் போடவே கூடாது.

பட்டா இன்னும் தாத்தா பேரில் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். பங்காளித் தகராறு என்று தெரிந்தால் பணத்தை மாவட்ட கோர்ட்டில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எடுப்பதற்கு நீங்கள் அலைய வேண்டும்.

டவர் கால் ஊன்றுகிற இடம்தான் நஷ்டம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 400 கே.வி. லைனின் தடம், அதாவது கம்பிக்குக் கீழே ஓடுகிற நிலப்பட்டை, 46 மீட்டர் அகலம். உங்கள் நிலத்தில் 100 மீட்டர் நீளம் ஓடினாலே 1 ஏக்கர் 13 சென்டுக்கு மேல் அதன் கீழே போய்விடும். மத்திய மின்துறை அமைச்சகம் 2015-இல் டவர் அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், தடத்துக்கு 15 சதவீதம் வரை என்று சொன்னது. 2024 ஜூனில் அவற்றை 200, 30 என்று உயர்த்தியது. இது வழிகாட்டி நெறிதான், சட்டம் அல்ல. உங்கள் லைனுக்கு எந்த அளவைப் பின்பற்றுகிறார்கள் என்று கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கேளுங்கள்.

கொடுத்த தொகை போதாது என்றால் தந்திச் சட்டம் 16(3)-இன் கீழ் மாவட்ட நீதிபதியிடம் மனுப் போடலாம். இதற்கு மூன்று வருஷ காலவரம்பு உண்டு. உச்ச நீதிமன்றம் 1976-இலேயே சொன்னது. “பாத்துக்கலாம்” என்று இருந்துவிட்டு நாலாவது வருஷம் வருகிறவருக்கு நான் செய்யக்கூடியது அதிகமில்லை. மனுவில் மரக் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். லைன் நிலத்தின் ஓரமாகப் போகிறதா, நட்டநடுவே கிழித்துக்கொண்டு போகிறதா, எவ்வளவு தூரம் ஓடுகிறது, ரோட்டடி நிலமா, இதையெல்லாம் பார்த்தே நில மதிப்புக் குறைவைக் கணக்கிட வேண்டும் என்று 2007-இல் லிவிஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பக்கத்து நிலக் கிரையப் பத்திர நகல்களும், எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தில் சிவப்பு மையில் கோடு போட்ட லைனும் உடன் இருக்கட்டும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. நிலம் உங்களுடையதாகவே இருக்கிறது. லைன் போட்டவர்களுக்கு இருப்பது உபயோக உரிமை மட்டும். பின்னால் அங்கே வீடு கட்ட வேண்டும் என்று வந்தால் தந்திச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி லைனை மாற்றவோ உயர்த்தவோ கேட்கலாம். ஏற்கெனவே இழப்பீடு வாங்கியிருந்தால், மாற்றும் செலவு அல்லது வாங்கிய இழப்பீட்டில் பாதி, இரண்டில் எது குறைவோ அதைக் கட்ட வேண்டும். அவர்கள் தட்டிக்கழித்தால் கலெக்டரிடம் மனு.