பழைய கணினியில் காட்சி விளைவுகளை நிறுத்துதல்

இலங்கையின் வடக்கே மாங்குளத்திலும் மல்லாவியிலும் அண்ணன் படித்து முடித்துத் தம்பிக்குக் கொடுத்த, 4 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினிகளே பல வீடுகளில் உள்ளன. சாளரம் விரிவதும் மறைவதும் அசைவூட்டமாகத் தெரிய, அத்தகைய கணினி ஒவ்வொரு சொடுக்குக்கும் சற்றுத் திணறுகிறது.

விண்டோஸ் 10, 11 ஆகிய இரண்டிலும், தேடல் பெட்டியில் ‘வியூ அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டச்சிட்டுத் திறந்து, ‘பெர்ஃபோமன்ஸ்’ பகுதியிலுள்ள ‘செட்டிங்ஸ்’ பொத்தானை அழுத்தினால், இத்தகைய காட்சி விளைவுகளின் பட்டியல் தோன்றும். ‘அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபோமன்ஸ்’ என்பதைத் தெரிவு செய்தால் எல்லாச் சரிக்குறிகளும் ஒரேயடியாக நீங்கிவிடும்.

அவ்வளவோடு ‘ஓகே’ கொடுத்துவிட வேண்டாம். ‘ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்கிரீன் ஃபொன்ட்ஸ்’ என்பதற்கு மட்டும் மீண்டும் சரிக்குறி இடுங்கள். இல்லையெனில் ‘ணு’, ‘ஞ’, ‘இ’ போன்ற வளைவு மிகுந்த எழுத்துகள் படிக்கட்டுப் போல் பிசிறடித்து, வினாத்தாளை வாசிக்கும் பிள்ளையின் கண்ணை வருத்தும். படங்களின் சிறுவடிவம் வேண்டுமானால் ‘ஷோ தம்ப்நெயில்ஸ்’ என்று தொடங்கும் வரியையும் வைத்துக்கொள்ளலாம்; நான் வைத்திருக்கிறேன்.

விண்டோஸ் 11இல் அசைவூட்டத்தையும் ஒளியூடுருவலையும் (சாளரங்கள் கண்ணாடி போல் தெரிவதையும்) மட்டும் நிறுத்த, ‘செட்டிங்ஸ்’, ‘அக்செசிபிலிட்டி’, ‘விஷுவல் எஃபெக்ட்ஸ்’ என்ற வழியே போதும். பழைய தோற்றம் வேண்டுமெனில், முதலிற் கூறிய பட்டியலில் ‘லெட் விண்டோஸ் சூஸ்’ எனத் தொடங்கும் தெரிவுக்குத் திரும்பலாம்.