இடுப்பளவுத் தண்ணீருக்கு எந்தப் பலகை? விண்ட்சேர்ஃபிங் பழகி முடித்தவர்களின் அடுத்த பலகை

பலகைமேல் பூட்டிய பாயைத் தூக்கி நிறுத்தி, காற்றில் ஓடத் தெரியும். திரும்பத் தெரியும். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரவும் பெரும்பாலும் முடிகிறது. பாயின் இழுவையை உடம்பால் தாங்கும் ஹார்னஸை இடுப்பில் கட்டிப் பார்த்தாயிற்று, பலகை மேலுள்ள கால்பட்டிக்குள் கால் நுழைக்கத்தான் இன்னும் நடுக்கம். இந்த இடத்தில் நிற்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பழகும்போது ஏறிய 200 லீற்றர் பலகை இப்போது தோணி மாதிரித் தெரியும். சின்னதாக ஒன்று வாங்கக் கை பரபரக்கும்.

எனக்கும் பரபரத்தது. என் எடை 74 கிலோ, வாங்கியது 105 லீற்றர் பழைய பலகை. ஓர் ஆடி மாதப் பின்னேரம், யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பக்கம், ஆழமில்லாத கடல்நீர்க் களப்பின் நடுவில், சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று சட்டென்று விழுந்துவிட்டது. பாயைத் தூக்கலாம் என்று ஏறி நின்றால் பலகை தண்ணீருக்குக் கீழே போய் உருளுகிறது. ஏழெட்டுத் தரம் விழுந்தபின் இறங்கி, முழங்கால் தண்ணீரில் அதை இழுத்துக்கொண்டே கரைக்கு நடந்தேன். வலை உதறிக்கொண்டிருந்த ஐயா ஒருவர், "என்ன தம்பி, கடலுக்கையும் மாடு பிடிச்சுக்கொண்டு போறீரோ?" என்றார்.

அந்த மாட்டைத் தவிர்ப்பது எப்படி என்று பார்ப்போம்.

படி 1: லீற்றர் கணக்கு

பலகையில் எழுதியிருக்கும் லீற்றர் என்பது அதன் கொள்ளளவு. ஒரு லீற்றர் ஏறக்குறைய ஒரு கிலோவை மிதக்க வைக்கும். கடல் நீர் உப்பு என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். என் கணக்கு இது: உடம்பு 74, பலகை 8, பாயும் பாய்மரமும் சேர்த்து 9. மொத்தம் 91. ஆக 105 லீற்றர் பலகையில் மிச்சம் வெறும் 14. காற்று அடிக்கும்போது அது போதும், ஏனென்றால் வேகமெடுத்த பலகையைத் தண்ணீரே மேலே தூக்கிப் பிடிக்கும். காற்று விழுந்தால் அந்த 14-ஐ நம்பி நிற்க முடியாது.

தண்ணீரில் கிடந்தபடியே காற்றைக் கொண்டு எழும்பும் வித்தை உங்களுக்குக் கைவந்தால் சின்னப் பலகை சரி. கைவராதவரை, உடம்பு எடையோடு 50 முதல் 60 வரை கூட்டுங்கள். 60 கிலோ ஆளுக்கு 110 முதல் 120, 74 கிலோவுக்கு 125 முதல் 135, 85 கிலோவுக்கு 135 முதல் 145. இரண்டு எண்ணுக்கு நடுவில் தடுமாறினால் பெரியதை எடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

படி 2: அடியில் நிற்கும் ஃபின்

வெளிநாட்டு விளக்கங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடும். எங்களுக்கு இதுதான் பெரிய விஷயம்.

ஃபின் என்பது பலகையின் வால்பக்கம் அடியில் நிற்கும், மீன் செட்டை போன்ற துண்டு. அது இல்லாவிட்டால் பலகை பக்கவாட்டில் வழுக்கும். பலகை அகலமாக, பாய் பெரிதாக ஆக ஃபினும் நீளும். 75 சென்ரிமீற்றர் அகலப் பலகையும் 6.5 சதுர மீற்றர் பாயும் என்றால் 40 சென்ரிமீற்றரைத் தாண்டிய ஃபின் வரும். யாழ்ப்பாணக் களப்பிலோ பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. முழு வேகத்தில் போகும்போது ஃபின் மண்ணில் குத்தினால் பலகை நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். பாயோடு சேர்த்து முன்னால் தூக்கி எறியும். கல்லில் பட்டால் ஃபின் மட்டுமல்ல, அது பூட்டும் குழியும் பிளக்கும், அதுதான் செலவு.

அதனால் பலகையோடு வரும் நேர் ஃபின் தவிர, பின்னோக்கிச் சரிந்த குட்டை ஃபின் ஒன்றும் வாங்குங்கள். 30 சென்ரிமீற்றர் சொச்சம் போதும். காற்றுக்கு எதிராக ஏறுவதில் கொஞ்சம் குறையும், ஆனால் சாதாளை (கடலடிப் புல்) சிக்காமல் வழுக்கிப் போகும். நேர் ஃபினில் சாதாளை கொத்தாகச் சுற்றிக்கொண்டால் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போலவே இருக்கும். குழியில் பவர் பொக்ஸ், டட்டில் என்று வகைகள் உண்டு. ஒன்றின் ஃபின் மற்றதில் ஏறாது, வாங்குமுன் கேளுங்கள்.

தண்ணீருக்கு மேலே பறக்க வைக்கும் ஃபொயில் பலகையில் ஆசை வரும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடியதும் அந்த வகைதான். அதன் அடிக்கம்பு ஒரு மீற்றரை நெருங்கும். களப்பில் அதை எங்கே இறக்குவது?

படி 3: வகையும் அகலமும்

கடைக்காரர் ஃப்ரீரைட், ஸ்லாலம், வேவ் என்று அடுக்குவார். சும்மா ஓடி மகிழ்வதற்கான ஃப்ரீரைட் எடுங்கள். மற்றவை பந்தயத்துக்கும் அலைக்கும். நீளம் 2.5 மீற்றரை ஒட்டியும் அகலம் 72 முதல் 80 சென்ரிமீற்றர் வரையும் இருக்கட்டும். நிற்கும்போது தடுமாற்றத்தைக் குறைப்பது நீளத்தைவிட அகலம்தான். கையிலுள்ள பாயின் அளவு, பலகைக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவுகளுக்குள் வருகிறதா என்றும் பாருங்கள்.

படி 4: பழையது என்றால்

எங்களில் பலர் பழையதுதான் வாங்குவோம். பலகையை வெய்யிலில் வைத்து வடிவாகப் பாருங்கள். குதிகால் படும் இடங்களைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் மேற்தோல் உள்நுரையை விட்டுக் கழன்றிருக்கிறது. நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் மந்தமாகும் இடமும் சந்தேகம்தான். பாய்மர அடி பூட்டும் தடத்தைச் சுற்றி வெடிப்புத் தேடுங்கள். பிறகு தராசில் போடுங்கள்: எழுதிய எடையைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடினால், உள்ளே தண்ணீர் குடித்திருக்கக்கூடும்.

வாங்கியபின் எங்கள் வெய்யிலில் கிடத்திவிட்டுப் போகாதீர்கள். உள்ளே காற்று விரியும். சுட்ட பலகையை அப்படியே தண்ணீரில் இறக்கினால், சின்ன வெடிப்பு இருந்தாலும் உறிஞ்சிக் குடிக்கும். பனை நிழல் போதும்.

படி 5: முதல் நாள்

இடம் பார்த்து இறங்குங்கள். காரைநகர் கசூரினா கடற்கரை வடக்கு நோக்கியது. சோழகக் காலத்தில் அங்கே காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும், தண்ணீர் அமைதியாகத் தெரிவதே ஏமாற்று. அந்த மாதங்களில் களப்புத்தான் பாதுகாப்பு, ஆனால் தடி நட்டுக் கட்டும் களங்கண்டி மீன்வலைகளின் தடிகள் எங்கே நிற்கின்றன என்று கரையிலுள்ள தொழிலாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். வடக்கிலிருந்து வாடை வீசும்போது கசூரினாவில் காற்று கரைக்கே கொண்டுவந்து விடும். எங்கே போனாலும் மிதவைச் சட்டை போடுங்கள்.

கால்பட்டிகளை உட்பக்கத் துளைகளில் பூட்டுங்கள், விளிம்புத் துளைகள் பிறகு. பாய்மர அடியைத் தடத்தின் நடுவில் வையுங்கள். ஓடும்போது மூக்கு துள்ளினால் இரண்டு சென்ரிமீற்றர் முன்னே நகர்த்துங்கள். தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு எழும்ப மறுத்தால் அதே அளவு பின்னே.