புளி தின்ற மேடை

பாளையங்கோட்டை வீட்டுச் சமையல் மேடைக்கு வெள்ளை மார்பிள் என் ஆசை. மூணே மாசம்; புளிக்கரைசல் சிந்திய இடமெல்லாம் மங்கி, தடவினால் சொரசொரப்பு. மார்பிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல், புளிப்பு பட்டால் அரித்துவிடும். "ஏல, அம்மிக்கல்லு என்னைக்காவது மங்கிருக்கா?" என்றாள் ஆச்சி.

கறுப்பு கிரானைட்டுக்கு மாறினேன், 20 மில்லிமீட்டர் கனம். முதல் கடையில் வாங்கிய மாதிரித் துண்டைப் பெயின்ட் தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்தேன், துணியெல்லாம் கறுப்பு. சாயம் ஏற்றிக் கறுப்பாக்கின கல்! அடுத்த கடைத் துண்டில் எலுமிச்சைச் சாறு ஊற்றி ராத்திரி முழுக்க விட்டேன். பளபளப்பு அப்படியே இருந்தது.

சிங்க்கை முன்பே வாங்கி, அதை வைத்துத்தான் துளை வெட்டச் சொன்னேன். மேடை உயரம் ஆச்சி முழங்கைக்கு 4 அங்குலம் கீழே. கொத்தனார் முகம் சுளித்தார், சுளிக்கட்டும்.