விபத்து அறிக்கையைக் கடைசிப் பக்கத்தில் தொடங்காதீர்கள்

விமானி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலர் ஞாயிறுதோறும் பல்லாவரத்தில் என் வீட்டு மாடிக்கு வருவார்கள். விபத்து அறிக்கையைக் கையில் கொடுத்தால் நேரே கடைசிப் பக்கத்துக்குத்தான் போவார்கள். "விமானியின் தவறு சார்" என்று மூடிவிடுவார்கள். பரீட்சைக்கு அது போதும், விமானம் ஓட்டப் போதாது.

அறிக்கையை முதலிலிருந்து படியுங்கள்; அதற்கு ஒரு தாளை நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் மணி, வலப்பக்கம் அந்த மணிக்கு விமானிக்கு என்ன தெரியும் என்பது மட்டும். பின்னால் நமக்குத் தெரியவந்ததை அதில் சேர்க்கக் கூடாது.

விமான விபத்துகளை விசாரிக்கும் அரசு அமைப்புகள், இந்தியாவில் ஏஏஐபி, அமெரிக்காவில் என்டிஎஸ்பி, வெளியிடும் அறிக்கைகள் இணையத்தில் கிடைக்கின்றன. நான் முதலில் கொடுப்பது அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியருடையது. 1999 ஜூலை 16. ஒற்றை இன்ஜின் பைப்பர் சரடோகா. சூரியன் மறைந்தபின், இரவு 8.38க்கு நியூ ஜெர்சியில் கிளம்பினார். கூடவே மனைவியும் மைத்துனியும். விமானியாகச் சுமார் 310 மணி நேரம் பறந்தவர், ஆனால் இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங், அதாவது வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி, இல்லை. வானத்தில் மூட்டம். கொஞ்சதூரம் கரையோரமாகப் போய்விட்டு, மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நோக்கிக் கடல்மேல் திரும்பினார். 9.41 வாக்கில் விமானம் கடலில் விழுந்தது. இருட்டில் திசையுணர்வு தப்பியதுதான் காரணம் என்கிறது அறிக்கை.

"கருவிகள் முன்னாலேயே இருந்ததே, பார்த்திருக்கலாமே?" இந்தக் கேள்வி தவறாமல் வரும். அப்போது சுழல் நாற்காலியை இழுத்துப் போடுவேன். கண்ணை மூடி உட்காரச் சொல்லி, ஒரே வேகத்தில் மெதுவாகச் சுற்ற வேண்டும். சாப்பிட்ட உடனே மட்டும் வேண்டாம். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் "நின்னுடுச்சு சார்" என்றான். நிஜமாகவே நிறுத்தியதும் எதிர்ப்பக்கம் சுழல்வதாக நினைத்து இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டான். காதுக்குள் இருக்கும் திரவம் செய்கிற வேலை அது. கருவி ஒன்று சொல்ல, உடம்பு வேறொன்றைச் சத்தியம் பண்ணும்.

அப்புறம் ஒரு அமாவாசை இரவில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போங்கள். தெருவிளக்குகளுக்கு முதுகைக் காட்டி, தண்ணீரோரம் நின்று பாருங்கள். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. தூரத்தில் தெரிவது நட்சத்திரமா, மீன்பிடிப் படகின் விளக்கா என்று எனக்கே குழம்பும்.

சரி, இப்போது தாளுக்கு வாருங்கள். எந்த வரியில் பயணத்தைக் கைவிட்டிருந்தால் செலவு மிகக் குறைவோ, அங்கே வட்டம் போடுங்கள். போன வாரம் ஒரு பெண் கரையை விட்ட இடத்தில் போட்டாள். நான் 8.38இல் போட்டேன். காபி ஆறியும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.