ஏலம் கேட்டு வென்ற பிறகு விற்பவர் பின்வாங்கினால்: சிங்கப்பூரில் நான் போன வழி

சென்ற ஆண்டு என் மகளுக்கு ஒரு வீணை தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்டுகள் இரவல் வீணையிலேயே ஓட்டியாயிற்று, இனி சொந்தமாக ஒன்று வேண்டும் என்று அவளுடைய ஆசிரியர் சொல்லிவிட்டார். அப்போது இசைக்கருவிகள் வாங்கி விற்கும் ஓர் இணையக் குழுவில் தஞ்சாவூர் ஏகாண்ட வீணை ஒன்று ஏலத்துக்கு வந்தது. குடமும் தண்டியும் ஒரே பலாமரத் துண்டில் குடைந்தது. தொடக்க விலை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஏழு நாள் ஏலம் ஒரு ஞாயிறு இரவு 9 மணிக்கு முடிந்தது. 910 வெள்ளிக்கு எனக்கு.

"வாழ்த்துகள் அக்கா, 100 வெள்ளி முன்பணம் பேநவ் பண்ணிடுங்க, சனிக்கிழமை வந்து எடுத்துக்கலாம்" என்று விற்றவர் வாட்ஸ்அப்பில் எழுதினார். கைப்பேசி எண்ணை வைத்தே வங்கியிலிருந்து பணம் அனுப்பும் பேநவில் உடனே அனுப்பினேன். வியாழக்கிழமை இன்னொரு செய்தி: "மன்னிச்சிடுங்க அக்கா, வேற ஒருத்தர் 1,500 தரேன்னு சொல்றார். உங்க 100ஐத் திருப்பி அனுப்பிடறேன்." அந்த 100 வெள்ளியும் வரவில்லை.

மகளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அதனால்தான் விடக்கூடாது என்று தோன்றியது. நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் முதலிலிருந்து கடைசிவரை இதை நானே செய்தேன். எங்கே தடுக்கி விழுந்தேனோ அங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலில்: ஒப்பந்தம் ஏற்பட்டதா?

இணையத்தில் ஒரு பொருளைப் படம் போட்டு விலை எழுதினால் மட்டும் ஒப்பந்தம் ஆகாது. சிங்கப்பூரின் மின்னியல் பரிவர்த்தனைச் சட்டம், 2010 இதைத் தெளிவாகச் சொல்கிறது: எல்லாருக்கும் பொதுவாகப் போடும் அறிவிப்பு, பொதுவாக, "வந்து கேளுங்கள்" என்ற அழைப்பு மட்டுமே. ஆகவே கரோசெல் போன்ற விற்பனைத் தளத்தில் "இன்னும் இருக்கா?" என்று கேட்டு, பதில் வராமல் போனால் சட்டப்படி உங்கள் கையில் ஒன்றும் இல்லை.

ஏலம் வேறு. பொருள் விற்பனைச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, ஏலம் விடுபவரின் சுத்தியல் விழும் வரைதான் ஏலம் கேட்டவர் தான் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். விழுந்துவிட்டால் விற்பனை முடிந்தது. இணையத்தில் சுத்தியல் இல்லை. ஏலம் முடிந்ததும் வரும் "வென்றவர் இவர்" என்ற அறிவிப்பைத்தான் அதற்குச் சமமாகக் காட்ட வேண்டியிருக்கும். என் விஷயத்தில் அதற்கு மேலும் இருந்தது: விற்றவரே வாழ்த்துச் சொல்லி, முன்பணம் கேட்டு, வாங்கியும் கொண்டார். வாட்ஸ்அப்பில் நடந்தது என்பதற்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது.

ஆஸ்திரேலியாவில் இதைப் போலவே ஒரு வழக்கு 2007இல் நடந்தது. ஈபேயில் ஒரு பழைய 'விர்ரவே' (Wirraway) போர்விமானத்தை ஒருவர் 150,000 ஆஸ்திரேலிய டாலருக்கு ஏலத்தில் வென்றார். விற்பவருக்கு வேறிடத்தில் கூடுதல் விலை கிடைக்கவே தர மறுத்தார். விமானத்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதைப் படித்த இரவு எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

இரண்டாவது: எல்லாவற்றையும் அன்றே சேமியுங்கள்

ஏலப் பதிவை விற்பவர் எந்த நேரமும் அழிக்கலாம். என்னுடையது மறுநாளே காணாமல் போனது. நல்லவேளை, மகளுக்குக் காட்ட எடுத்த படங்கள் போனில் இருந்தன. என் கருத்தில், வாட்ஸ்அப்பின் 'எக்ஸ்போர்ட்' கோப்பைவிட ஸ்கிரீன்ஷாட்தான் மேல். தேதியும் எண்ணும் படத்திலேயே தெரியும். எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்கி, பக்க எண் போடுங்கள். நாற்பது தனித்தனிப் படங்களை ஏற்றினால் படிப்பவருக்குத்தான் சிரமம். குரல் செய்தி இருந்தால் அதை எழுத்தில் இறக்கி வையுங்கள்.

மூன்றாவது: கோரிக்கைக் கடிதம்

வழக்கறிஞர் வேண்டாம். ஒரு பக்கம் போதும்: எந்தத் தேதியில் எந்தப் பொருளை எவ்வளவுக்கு வென்றேன், எவ்வளவு கொடுத்தேன், நீங்கள் என்ன சொன்னீர்கள், 14 நாளுக்குள் பொருளையோ இவ்வளவு வெள்ளியையோ தராவிட்டால் சிறிய தொகை வழக்குகளுக்கான சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போவேன். கோபமாக ஒரு வரிகூட எழுதாதீர்கள், அந்தக் கடிதம் பிறகு ஆதாரமாகப் போகும். வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். தபால் என்றதும்தான் எனக்குப் பிரச்சினை தொடங்கியது.

நான்காவது: அவர் யார், எங்கே இருக்கிறார்?

நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டது இங்கேதான். நடுவர் மன்றத்தில் வழக்குப் போட எதிர்த்தரப்பின் உண்மையான பெயரும் சிங்கப்பூர் முகவரியும் வேண்டும். மன்றம் இருவரையும் அழைத்துப் பேசவைக்கும் ஆலோசனைக் கூட்டத்துக்கான அறிவிப்பை அவரிடம் சேர்ப்பிக்க வேண்டியது வழக்குப் போடும் நாம்தான். என்னிடம் இருந்ததோ ஒரு புனைபெயர், ஒரு கைப்பேசி எண், பேநவில் தெரிந்த ஒரு செல்லப்பெயர். வீணையைப் பார்த்தது அவருடைய வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கின் கீழ்த்தளத்தில். புளோக் எண் தெரியும், வீட்டு எண் தெரியாது.

குழு நிர்வாகியிடம் கேட்டேன், தரமாட்டேன் என்றார். பெரிய தளங்களும் இப்படித்தான். விற்பவரின் விவரத்தை வாங்குபவரிடம் கொடுக்க மாட்டார்கள்.

கடைசியில் பழைய உரையாடலை முதலிலிருந்து கேட்டபோது, சனிக்கிழமை வரப்போகும் வேன்காரருக்காக அவர் அனுப்பிய 20 விநாடிக் குரல் செய்தி கிடைத்தது. அதில் மாடி எண், வீட்டு எண் எல்லாம் இருந்தன. அந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் போனது. நான்கு நாளில் மின்னஞ்சலில் நீளமாக ஒரு பதில் வந்தது, கீழே முழுப் பெயருடன்.

ஆகவே இனி ஏலம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: முன்பணம் அனுப்பும் முன்பே "ரசீது எழுத முழுப் பெயரும் முகவரியும் அனுப்புங்க" என்று கேளுங்கள். நேர்மையானவர் தயங்கமாட்டார். தயங்கினால் பணத்தை அனுப்பாதீர்கள். விற்பது நிறுவனம் என்றால் வேலை எளிது, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் 5.50 வெள்ளிக்கு அதன் பதிவு விவரத்தை வாங்கிவிடலாம்.

ஐந்தாவது: எவ்வளவு கேட்பது?

"எனக்கு வீணைதான் வேண்டும்" என்று நான் அடம்பிடித்தேன். சட்டத்தில் அதற்கும் இடம் உண்டு. பொருள் விற்பனைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் அந்தக் குறிப்பிட்ட பொருளையே தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் அதற்கு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகவேண்டும், வழக்கறிஞர் செலவு வீணையின் விலையைத் தாண்டிவிடும். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் பணத்தைக் கேட்பதுதான் நடைமுறை.

எவ்வளவு என்பதற்கு 51ஆம் பிரிவு ஒரு கணக்குத் தருகிறது: பொருளைத் தந்திருக்க வேண்டிய நாளில் அதற்கு இருந்த சந்தை விலை, அதிலிருந்து ஒப்புக்கொண்ட விலையைக் கழித்தால் வருவது. கொடுத்த முன்பணம் தனி. மன உளைச்சல், மகளின் ஏமாற்றம், அலைந்த நேரம் எதுவும் இந்தக் கணக்கில் வராது. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாளானது.

இங்கே நான் செய்த தவறு ஒன்று. சிராங்கூன் சாலையில் கடையேறி புதிய ஏகாண்ட வீணைக்கு 2,400 வெள்ளி என்று விலைக்குறிப்பு வாங்கி, 2,400இலிருந்து 910ஐக் கழித்து 1,490, முன்பணம் 100, ஆக 1,590 வெள்ளி என்று கோரினேன். நான் ஏலத்தில் எடுத்தது பழைய வீணை. பழையதற்குப் பழையதன் விலையைத்தான் ஒப்பிடவேண்டும். அதே வாரத்தில் அதே வகைப் பழைய வீணை என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு மூன்று விளம்பரங்களைத் தேதியுடன் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஆறாவது: வழக்கைப் பதிவு செய்தல்

மன்றத்தின் சிஜேடிஎஸ் (CJTS) என்ற இணையத் தளத்தில் சிங்பாஸ் என்ற அரசு மின்னியல் அடையாளக் கணக்கு மூலம் நுழைய வேண்டும். முதலில் சில கேள்விகள் கேட்டு, உங்கள் வழக்கை இந்த மன்றம் எடுக்குமா என்று அதுவே சொல்லும். 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. பின்வாங்கிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். பயனீட்டாளராகப் போடும் 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி. கைப்பேசியில் செய்யாதீர்கள், கோப்புகளை ஏற்றும்போது திண்டாடுவீர்கள். கணினியில் உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலை.

அதே தளத்தில் இ-நெகோசியேஷன் என்று ஒரு வசதி உண்டு. இருவரும் தொகையை எழுதி எழுதிப் பேரம் பேசலாம். முகத்தைப் பார்த்தால் குரல் உயர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு அது நல்லது. நானும் முயன்றேன், அவர் பதில் போடவில்லை.

ஏழாவது: ஆலோசனைக் கூட்டம்

என்னுடையது ஸூமில் நடந்தது. இந்த மன்றத்தில் யாருக்காகவும் வழக்கறிஞர் வாதாட முடியாது. விற்றவரும் நானும் மன்றத்தின் பதிவாளரும் மட்டும். இந்தக் கட்டத்தில் பதிவாளர் தீர்ப்புச் சொல்வதில்லை, இருவரும் ஒத்துவர வழி இருக்கிறதா என்று பார்ப்பார். ஒத்துவராவிட்டால்தான் நடுவர் முன் விசாரணை.

1,590 என்ற தொகையைப் பார்த்ததும் பதிவாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இது புதிய வீணையின் விலையா?" என்னிடம் பதில் இல்லை. சரி, எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் என் பிடிஎஃபின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போய், விற்றவரின் அந்த வியாழக்கிழமைச் செய்தியில் நின்றார். "வேற ஒருத்தர் 1,500 தரேன்னு சொல்றார்." அந்த வாரத்தில் அந்த வீணைக்கு என்ன விலை என்பதை விற்றவரே எழுதிக் கொடுத்திருந்தார். 1,500இலிருந்து 910 போக 590. முன்பணம் 100. 690 வெள்ளிக்கு இருவரும் ஒப்புக்கொண்டோம், அதுவே மன்றத்தின் உத்தரவாகப் பதிவானது. பத்து நாளில் பணம் வந்தது.

இதை முதலில் வெளியிட்டபோது படித்தவர்கள் கேட்டதிலிருந்து சில சேர்க்கைகள்:

தமிழ் உரையாடல்கள். இதை முதல் பதிவில் சொல்லாமல் விட்டுவிட்டேன், தவறு. ஆங்கிலத்தில் இல்லாத ஆவணத்துக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். தங்கிலீஷில் எழுதிய செய்திக்கும் அப்படித்தான். முழு உரையாடலையும் மொழிபெயர்க்கக் கொடுத்தால் செலவு ஏறும். விலை, தேதி, ஒப்புதல், மறுப்பு இருக்கும் பக்கங்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். ஏலம் எந்த மொழியில் நடந்தாலும் முக்கியமான ஒரு வரியை ஆங்கிலத்திலும் கேட்டு உறுதி செய்துகொள்வது இப்போது என் பழக்கம்.

ஏலம் முடியும் முன்பே விற்பவர் பொருளை ஏலத்திலிருந்து எடுத்துவிட்டார் என்று ஒருவர் எழுதியிருந்தார். சுத்தியல் விழவில்லை, ஆகவே பொதுவாக ஒப்பந்தமும் இல்லை. தளத்திடம் புகார் செய்யலாம், மன்றத்துக்குப் போவது வீண்.

விலை கண்ணுக்குத் தெரிந்த தவறாக இருந்தால்? 2003இல் இங்கே டிஜிலேண்ட்மால் தளத்தில் 3,854 வெள்ளி லேசர் பிரிண்டர் தவறுதலாக 66 வெள்ளிக்குப் போடப்பட்டது. ஆறு பேர் சேர்ந்து 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் கொடுத்து, பிறகு வழக்கும் போட்டார்கள். தவறு என்று தெரிந்தே வாங்கியவர்களுக்கு ஒப்பந்தம் செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் முடித்துவிட்டது. ஆயிரம் வெள்ளிப் பொருளின் விலையில் ஒரு சுழி விட்டுப்போனது உங்களுக்கும் தெரிந்திருந்தால், விட்டுவிடுங்கள்.

கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகலாமா? விற்றவர் கடையோ நிறுவனமோ என்றால் போகலாம், நியாயமான வணிகச் சட்டமும் துணைக்கு வரும். என்னைப் போல் தனி ஆளிடம் வாங்கியவர்களுக்கு அந்தக் கதவு இல்லை.

விற்கப் பொருளே இல்லாமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மறைந்தவர் பின்வாங்கிய விற்பனையாளர் அல்ல, மோசடிக்காரர். தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவில் அதற்கு 10 ஆண்டு வரை சிறை. உடனே வங்கிக்குச் சொல்லி, போலிஸ் புகார் கொடுங்கள். மோசடியா இல்லையா என்று குழப்பமாக இருந்தால் மோசடித் தடுப்பு உதவிச் சேவையான ஸ்கேம்ஷீல்டின் 1799 எண்ணில் கேளுங்கள்.

இன்னொருவர், விற்பவரின் வீட்டு முகவரியையும் படத்தையும் குழுவில் போட்டு மானத்தை வாங்கப்போவதாக எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 முதல் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் குற்றம். முகவரியைத் தேடிக் கண்டுபிடிப்பது வழக்குப் படிவத்தில் எழுத மட்டும்தான்.

உத்தரவு வந்தும் பணம் தரவில்லை என்றால், அமலாக்க உத்தரவுக்குத் தனியே மனுச் செய்யவேண்டும். அதற்குத் தனிக் கட்டணம், அது 10 வெள்ளியில் முடியாது. தொகை சிறியது என்றால், கூட்டத்திலேயே இரண்டு தவணைக்கு ஒப்புக்கொண்டு, முதல் தவணையை அன்றைக்கே பேநவில் வாங்கிக்கொள்ளப் பாருங்கள்.