பிள்ளைக்கு முழங்கால் வலியா? சில்லு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள்

திருப்பரங்குன்றத்து மலைப்படிகளில் ஏறி இறங்கிய மறுநாள், பன்னிரண்டு வயது மகள் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது என்றால் தைலம் தேய்த்து விட்டுவிடுகிறோம். மூட்டில் குறையே இல்லாமல், தொடை எலும்போ முழங்காலுக்குக் கீழுள்ள எலும்போ முறுக்கிக்கொண்டிருப்பதாலும் இவ்வலி வரலாம். முழங்காலை மட்டும் எடுக்கும் எக்ஸ்ரேயில் அந்த முறுக்கு பிடிபடாது.

பிறக்கும்போது தொடை எலும்பின் கழுத்து, அதாவது இடுப்பு மூட்டை ஒட்டிய அதன் மேற்பகுதி, சுமார் 40 பாகை முன்னோக்கித் திரும்பியிருக்கும். வளர வளர அது 15 பாகை அளவுக்குக் குறையும். குறையாத பிள்ளைகளுக்குத் தொடை உட்புறமாகத் திரும்பிக்கொள்ள, கீழ் எலும்பு வெளிப்புறமாக முறுக்கிக்கொண்டால், பாதம் நேராகவே இருந்துவிடும். நடையில் குறை தெரியாது. இடையில் அகப்பட்ட சில்லுதான், அதாவது முழங்காலின் முன்பக்கம் மூடிபோல இருக்கும் எலும்புதான், ஒருபக்கமாக இழுபட்டு உரசும். இப்பிள்ளைகளில் பலருக்குச் சம்மணமிட்டு உட்காருவது சிரமமாகவும், கால்களை இருபுறமும் மடக்கிப் போட்டு உட்காருவது சுகமாகவும் இருக்கும்.

இரு பாதங்களும் நேராக இருக்கும்படி பிள்ளையை நிற்கவைத்து, ஒவ்வொரு சில்லின் நடுவிலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுங்கள். பொட்டுகள் எதிரே நிற்கும் உங்களைப் பார்க்காமல் ஒன்றையொன்று பார்த்தால் முறுக்கு இருக்கலாம் என்ற ஐயம் வலுக்கும். அடுத்து, பாயில் குப்புறப் படுக்கவைத்து, முழங்கால்களைச் செங்குத்தாக மடக்கி, பாதங்களை இருபுறமும் வெளியே சாயவிடச் சொல்லுங்கள், நீங்கள் அழுத்தாதீர்கள். நேர்நிலையிலிருந்து 70 பாகைக்கு மேல், தரையை நெருங்குமளவு சாய்ந்தால் தொடை எலும்பின் முறுக்கு மிகுதி என்று கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறாக, ஒரு கால் மட்டும் அப்படிச் சாய மறுத்து, பிள்ளை நொண்டவும் செய்தால், தயவுசெய்து ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். இடுப்பில் தொடை எலும்பின் தலை வளர்தட்டில் (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதியில்) வழுக்கியிருக்கலாம். இடுப்பில் பிறக்கும் அந்த வலியைப் பிள்ளைகள் முழங்காலில்தான் காட்டுவார்கள். காலை ஊன்றவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். காய்ச்சல், வீக்கம், தூக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவற்றுக்கும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மற்றவர்கள் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற இடங்களில் எலும்பு மருத்துவரைப் பார்த்து, இடுப்பு முதல் பாதம் வரை முறுக்கை அளந்து பார்க்கும்படி கேளுங்கள். தேவைப்பட்டால் சிடி ஸ்கேனில் துல்லியமாக அளப்பார்கள். தனிச் செருப்பும் பட்டையும் எலும்பைத் திருப்பா. அவற்றுக்குச் செலவழிக்க வேண்டாம். இடுப்பு, தொடைத் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்று மாதக்கணக்கில் விடாமல் செய்வதே முதல் சிகிச்சை. அதன் பிறகும் வலி தீராத சிலருக்கு மட்டுமே எலும்பை வெட்டித் திருப்பிப் பொருத்தும் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள்.